டீசல் கார் இன்னும் யாருக்குக் கட்டுப்படியாகும்?

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பெட்ரோலா டீசலா என்று யாரிடம் கேட்டாலும் பதில் சட்டென்று வரும். "மாசம் ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் ஓடுமா? அப்போ டீசல்." ஷோரூம் சேல்ஸ்மேன், தெருமுனை மெக்கானிக், ஏற்கெனவே கார் வைத்திருக்கும் மச்சான் எல்லாருமே இந்த ஒரு கணக்கைத்தான் வைத்திருந்தார்கள். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறார்கள். கணக்கு பிறந்தபோது இருந்த விலையும் இல்லை, எஞ்சினும் இல்லை. கணக்கு மட்டும் அப்படியே நிற்கிறது.

அந்தக் காலத்துக்கு அது சரியான கணக்குதான். 2012 மே மாதம் டெல்லியில் ஒரு லிட்டர் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் இடைவெளி. பெட்ரோல் விலை 2010-லேயே கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்டுவிட்டது, டீசலை அரசு இன்னும் பிடித்து வைத்திருந்தது. ஃபியட்டின் 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் மாருதி ஸ்விஃப்டிலும் ஓடியது, டாடா விஸ்டாவிலும் ஓடியது, ஃபியட் புன்ட்டோவிலும் ஓடியது. இந்தியாவின் தேசிய எஞ்சின் என்றே அதற்குப் பட்டப்பெயர். அப்போது விற்ற கார்களில் பாதிக்கு மேல் டீசல்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடும் போயிற்று. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 என்ற கடுமையான புகை மாசு விதி வந்தது. மாருதி அன்றோடு டீசலை விட்டது. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ரெனோ, நிசான் எல்லாமே விட்டன. கொஞ்சம் தாக்குப்பிடித்த ஹோண்டா, 2023-ல் அடுத்த கட்ட விதி வரும் தறுவாயில் விலகியது. இன்றைக்கு டீசலில் மிச்சம் இருப்பவர்களில் முக்கியமானவர்கள் ஹூண்டாய், கியா, டாடா, மஹிந்திரா, பெரிய வண்டிகளில் டொயோட்டா. டீசலின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே.

சரி, அப்படியென்றால் டீசல் முடிந்த கதையா? என் பார்வையில் இல்லை. ஆனால் கேள்வியை மாற்ற வேண்டும். மாதம் எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, வண்டியை எடுத்தால் ஒரே ஓட்டமாக எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதுதான் இன்றைய டீசலுக்குச் சரியான கேள்வி. ஏன் என்று பார்ப்போம். முதலில் பணக் கணக்கை முடித்துவிடலாம்.

ஒப்பிட ஹூண்டாய் கிரெட்டாவை எடுத்துக்கொள்கிறேன். வாங்கச் சொல்லவில்லை. ஒரே உடம்பில் மூன்று எஞ்சின் கிடைப்பதால் ஒப்பிட வசதி, அவ்வளவுதான். நம்ம ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகிற வண்டியும்கூட. டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 1.5 லிட்டர் பெட்ரோல், 1.5 லிட்டர் டர்போ பெட்ரோல், 1.5 லிட்டர் டீசல். 2024 மாடலில் மேனுவல் கியருக்குக் கம்பெனி சொல்லும் மைலேஜ் சாதாரண பெட்ரோலுக்கு 17.4, டீசலுக்கு 21.8. நம் ஊர் டிராஃபிக்கில் இரண்டுமே அவ்வளவு தராது. ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் பெட்ரோல் 13.5, டீசல் 18 என்று வைத்துக்கொள்வோம்.

2024 மார்ச்சில் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 101 ரூபாயை ஒட்டி நின்றது, டீசல் 92 ரூபாய் சொச்சம். 32 ரூபாய் இடைவெளி எட்டரை ரூபாயாகச் சுருங்கிவிட்டது. இந்த விலையில் பெட்ரோல் காருக்குக் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 48 காசு, டீசலுக்கு 5 ரூபாய் 14 காசு ஆகிறது. கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 34 காசு மிச்சம்.

டீசலுக்கு ஷோரூம் விலையில் சுமார் ஒன்றரை லட்சம் கூடுதல். அதோடு தமிழ்நாட்டுச் சாலை வரியைச் சேருங்கள். 2023 நவம்பரில் ஏற்றிய பிறகு 10 முதல் 20 லட்சம் வரையிலான கார்களுக்கு 18 சதவீதம். ஆக ஒன்றரை லட்சம் என்பது 1 லட்சத்து 77 ஆயிரம். இதை 2 ரூபாய் 34 காசால் வகுத்தால் சுமார் 75,600 கி.மீ. ஓடிய பிறகுதான் போட்ட கூடுதல் பணம் திரும்பும். மாதம் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஆறு வருடத்துக்கு மேல். இரண்டாயிரம் ஓட்டுபவருக்கு மூன்று வருடம் சொச்சம். கடன் வட்டியும் டீசலின் சற்றே கூடுதலான சர்வீஸ் செலவும் இதில் இல்லை. விற்கும்போது கூடுதலாகக் கொடுத்ததில் ஒரு பங்கு திரும்பும் என்பதையும் சேர்க்கவில்லை. ஒன்றுக்கொன்று ஏறக்குறைய கழிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

இந்தக் கணக்கில் ஒரு சுவாரசியம் ஒளிந்திருக்கிறது. இரண்டு எரிபொருளும் ஒரே விலை என்று வைத்துப் பாருங்கள். லிட்டர் 101 ரூபாய் என்றால் டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 61 காசு. அப்போதும் 1 ரூபாய் 87 காசு மிச்சம். அதாவது இன்றைய மிச்சத்தில் ஐந்தில் நான்கு பங்கு எஞ்சினின் சொந்த உழைப்பு. இதே மைலேஜை வைத்து 2012 விலையில் போட்டால், மிச்சத்தில் பாதிக்கு மேல் அரசு பிடித்து வைத்திருந்த விலையால் வந்தது. சலுகை போனது, எஞ்சின் தன் காலில் நிற்கிறது. "விலை ஒண்ணாயிடுச்சு, டீசலில் இனி என்ன இருக்கு" என்று சொல்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

அந்தச் சொந்த உழைப்பு எங்கிருந்து வருகிறது? பெட்ரோல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் தீ மூட்டும். டீசலில் பிளக் கிடையாது. காற்றைப் பதினைந்து பதினாறு மடங்கு அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறார்கள். அதிக அழுத்தம் என்றால் எரிந்த வாயு விரியும் தூரமும் அதிகம், அதிலிருந்து எடுக்கும் வேலையும் அதிகம். பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலேட்டரை லேசாக மிதிக்கும்போது காற்றுவழி பாதி மூடியிருக்கும், அந்த அடைப்பை எதிர்த்து மூச்சிழுப்பதிலேயே எஞ்சினின் சக்தி ஒரு பங்கு வீணாகும். டீசலில் காற்று தாராளமாக வரும், எரிபொருளை மட்டும் கூட்டிக் குறைப்பார்கள். இதோடு ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் கூடுதல்.

பழைய டீசல் சத்தம் போட்டதற்கும் புகை கக்கியதற்கும் காரணம் எரிபொருளைத் தெளித்த விதம். 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் காமன் ரெயில் வந்தது. எரிபொருளைத் தெளிக்கும் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் நிறுத்தி வைத்து, கம்ப்யூட்டர் சொல்லும் நொடியில் சொல்லும் அளவு தெளிப்பது. இன்று அந்த அழுத்தம் 2000 பார் அளவுக்குப் போகிறது. நம் கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம்தான். ஒரே தடவை கொட்டாமல் சிறுசிறு தவணையாகத் தெளிப்பதால் பழைய "டக டக" குறைந்தது. கண்ணாடியை ஏற்றிவிட்டால் இன்றைய நல்ல டீசல் காருக்குள் அது டீசல் என்று தெரிவது சிக்னலில் நிற்கும்போது மட்டும்தான்.

இதே நுணுக்கம் அதன் பலவீனமும்கூட. அவ்வளவு அழுத்தத்தில் வேலை செய்யும் ஊசித்துளைக்குத் தண்ணீரும் தூசும் எதிரி. கலப்பட டீசலோ மழைக்காலத்தில் தண்ணீர் இறங்கிய பங்க் டீசலோ உள்ளே போனால் இன்ஜெக்டர் மாற்றும் பில் சாதாரணமாக இருக்காது. கூட்டம் அதிகமாக வரும், சரக்கு தேங்காத பங்காகப் பார்த்துப் போடுவது டீசல்காரர் பழகிக்கொள்ள வேண்டிய பழக்கம்.

ஓட்டுவதில் என்ன வித்தியாசம்? கிரெட்டா சாதாரண பெட்ரோலின் திறன் 115 குதிரைத்திறன், டீசல் 116. காகிதத்தில் இரண்டும் ஒன்று. இழுவையில்தான் இடைவெளி. பெட்ரோல் 144 நியூட்டன் மீட்டர் தரும், அதுவும் எஞ்சின் நிமிடத்துக்கு 4500 தடவை சுற்றும்போது, அதாவது 4500 ஆர்பிஎம்மில். டீசல் 250 நியூட்டன் மீட்டர், 1500 ஆர்பிஎம்மிலேயே. கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் ஐந்து பேர், பெட்டி படுக்கை, ஏசியோடு ஏறிப் பாருங்கள். பெட்ரோல்காரர் இரண்டாம் கியரில் எஞ்சினைக் கத்தவிட்டுக்கொண்டே ஏற வேண்டும். ஏசியை அணைக்கவும் மனசு வரும். டீசல்காரர் அதே இரண்டாம் கியரில் அலட்டாமல் போவார். வளைவில் வேகம் மிகக் குறைந்து ஆர்பிஎம் ஆயிரத்துக்குப் பக்கத்தில் இறங்கினால் மட்டும் டர்போ விழிக்காமல் வண்டி ஒரு கணம் சோர்ந்து நிற்கும். அந்த இடத்தில் முதல் கியருக்கு வந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருகிற பஸ் ஹாரன் அடிக்கும்.

மலையில் இன்னொன்றும் உண்டு. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து சதவீதம் சக்தியை இழக்கும். 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். டர்போ அந்தக் குறையை ஈடுகட்டிவிடும்.

இந்த இடத்தில் டர்போ பெட்ரோல் கையைத் தூக்கும். நியாயம்தான். கிரெட்டாவின் டர்போ பெட்ரோல் 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர், அதுவும் 1500 ஆர்பிஎம்மிலிருந்து. இழுவையில் டீசலுக்கு இணை, வேகத்தில் டீசலைவிட மேல். ஒருகாலத்தில் டீசல் மட்டுமே தந்த சுகத்தை இன்று பெட்ரோலும் தருகிறது. விலை எங்கே கொடுக்க வேண்டியிருக்கும் என்றால் பங்கில். டர்போ பெட்ரோல் காலுக்குத் தகுந்தபடி குடிக்கும். மெதுவாக ஓட்டினால் நல்ல மைலேஜ், அதன் சக்தியை அனுபவிக்கலாம் என்று மிதித்தால் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கும். டீசலில் அந்த ஏற்ற இறக்கம் குறைவு. சுமை ஏற்றினாலும், ஏசி போட்டாலும், நெடுஞ்சாலையில் 100-ல் போனாலும் சொன்ன மைலேஜுக்குப் பக்கத்தில் நிற்கும். 50 லிட்டர் டேங்க் நிரப்பினால் சென்னையிலிருந்து கன்னியாகுமரி வரை பங்க் பக்கம் திரும்ப வேண்டாம்.

எத்தனால் விஷயமும் இன்று இந்தத் தராசில் ஏறிவிட்டது. 2025-ல் நாடெங்கும் பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் கலப்பு வந்துவிட்டது. எத்தனாலில் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எனவே மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். டீசலில் அந்தக் கலப்பு இல்லை.

கரித்துகள் வடிகட்டி: உண்மையான தேர்வு இங்கேதான்

பிஎஸ்-6 டீசல் காரின் புகைக்குழாயில் டிபிஎஃப் என்று ஒரு வடிகட்டி இருக்கிறது. பழைய டீசல் கக்கிய கரும்புகையை இதுதான் பிடித்து வைக்கிறது. பிடித்ததை என்ன செய்வது? எரிக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓடும்போது புகையின் சூட்டிலேயே கொஞ்சம் தானாக எரியும். மற்றபடி சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை எஞ்சினே கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்கும். இதற்குப் பத்து இருபது நிமிடம் தடையில்லாத ஓட்டம் வேண்டும்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் மாதம் 1500 கி.மீ. ஒருவர் கோயம்புத்தூரில் மருந்து விற்பனைப் பிரதிநிதி. காந்திபுரத்தில் ஒரு டாக்டர், ஆர்.எஸ்.புரத்தில் இரண்டு, பீளமேட்டில் ஒரு ஆஸ்பத்திரி என்று நாள் முழுக்க நாலைந்து கிலோமீட்டருக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி எடுப்பவர். இன்னொருவர் சென்னையில் மெட்ரோவில் வேலைக்குப் போகிறவர், மாதம் ஒருமுறை காரை எடுத்துச் சொந்த ஊரான திருநெல்வேலிக்குப் போய் வருபவர். போக 620, வர 620. பழைய கணக்குப்படி இருவருக்கும் டீசல். இன்றைய எஞ்சினுக்கோ முதலாமவர் ஆகாத ஆள், இரண்டாமவர் ஏற்ற ஆள்.

முதலாமவரின் வண்டியில் என்ன நடக்கும்? வடிகட்டி நிறையும். எஞ்சின் எரிக்கத் தொடங்கும். கொஞ்ச நேரத்தில் ஆஸ்பத்திரி வாசல் வந்துவிடும், சாவியை அணைத்துவிடுவார். பாதியில் நின்றது அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து. ஒவ்வொரு முறையும் எரிப்பதற்காகத் தெளித்த கூடுதல் டீசலில் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக வழிந்து எஞ்சின் ஆயிலில் கலக்கும். ஆயில் நீர்த்துப்போகும், அளவு கூடும். கடைசியில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு, அதையும் பொருட்படுத்தாவிட்டால் எஞ்சின் சக்தி குறைந்து நொண்டிக்கொண்டு சர்வீஸ் சென்டர் போக வேண்டும்.

எரிப்பு நடக்கிறது என்பதைக் காதால் கண்டுபிடிக்கலாம். நிற்கும்போது ஆர்பிஎம் வழக்கத்தைவிடக் கொஞ்சம் மேலே நிற்கும். ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் பெரிதாகச் சுற்றும். சிக்னலில் தானாக அணையும் வசதி வேலை செய்யாது. இறங்கினால் சூடேறிய இரும்பு வாடை அடிக்கும். அந்த நேரம் வீட்டு வாசல் வந்துவிட்டால் அணைக்காமல் இன்னும் ஒரு சுற்றுப் போய் வருவது நல்லது. கோவைக்காரர் நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸில் ஏறி, கியரை ஒன்று குறைத்து ஆர்பிஎம்மை 2000-க்கு மேல் வைத்து இருபது நிமிடம் ஓட்டினால் போதும். எரிப்பு நடக்கும்போது காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தக் கூடாது, அடியில் அவ்வளவு சூடு.

வாரம் ஒருமுறை இந்த இருபது நிமிடம் கிடைக்கும் என்றால் ஊருக்குள் ஓட்டுபவரும் டீசல் வைத்திருக்கலாம். கிடைக்காது என்றால், மாதம் மூவாயிரம் ஓடினாலும், நான் டீசல் பக்கம் போகச் சொல்ல மாட்டேன். சில மெக்கானிக்குகள் "அந்த ஃபில்டரையே கழட்டிடலாம் சார்" என்பார்கள். அது சட்ட விரோதம். அதைவிட, புகையைக் கக்காததுதான் புதிய டீசலின் பெருமையே. வடிகட்டியைக் கழற்றிய வண்டி பழைய லாரியோடு சேர்த்தி.

ஆயிலிலும் கவனம் வேண்டும். வடிகட்டியில் சேரும் கரி எரியும், ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கும். அதனால் சாம்பல் குறைவான, கம்பெனி சொன்ன தர ஆயில்தான் ஊற்ற வேண்டும். பெட்ரோல் காருக்கு மிச்சமான டப்பாவை இதில் கவிழ்ப்பது வடிகட்டியின் ஆயுளைக் குறைக்கும் வேலை.

அப்புறம் ஆட்ப்ளூ. மஹிந்திரா எக்ஸ்யூவி700, புதிய நெக்ஸான் போன்ற டீசல்களில் தனியாக ஒரு சின்ன டேங்க் இருக்கும். அதில் 32.5 சதவீத யூரியாக் கரைசல். புகையில் தெளித்தால் நைட்ரஜன் ஆக்சைடுகள் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். தீரப்போகிறது என்று வண்டி ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு முன்பே சொல்லத் தொடங்கும். அப்படியும் விட்டு, சுத்தமாகத் தீர்ந்த பிறகு வண்டியை அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. செலவு பெரிதில்லை. அவசரத்தில் இதை டீசல் டேங்கில் ஊற்றிவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

காற்றுக்கு எது நல்லது?

இதில் இரண்டு பக்கமும் மிகைப்படுத்துகிறார்கள். மைலேஜ் முப்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல், எனவே கார்பனும் அவ்வளவு குறைவு என்பது சரியில்லை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.68 கிலோ கார்பன் டை ஆக்சைடு, பெட்ரோல் என்றால் 2.31 கிலோ. மேலே போட்ட மைலேஜில் டீசலுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 149 கிராம், பெட்ரோலுக்கு 171 கிராம். குறைவுதான், ஆனால் 13 சதவீதம்தான்.

மறுபக்கம், டீசல் என்றாலே நஞ்சு என்பதும் பழைய கதை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-ல் டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது என்று உறுதிப்படுத்தியது. அது பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் பழைய தலைமுறை எஞ்சின்களின் புகையைப் பற்றியவை. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மோசடி வெளிப்பட்டது. சோதனைக்கூடத்தில் ஒரு மாதிரியும் சாலையில் ஒரு மாதிரியும் நடந்துகொள்ளும் மென்பொருள், உலகம் முழுக்கச் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில். டீசலின் மானம் அன்றைக்குப் போனது. அதற்குப் பிறகு காரிலேயே கருவியைப் பொருத்திச் சாலையில் ஓட்டி அளக்கும் விதி ஐரோப்பாவில் வந்தது. இங்கே 2023 ஏப்ரலில் வந்தது. பிஎஸ்-4 டீசலுக்கு நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராம். பிஎஸ்-6-ல் 80, பெட்ரோலுக்கு 60. துகள் வரம்பு 25-லிருந்து 4.5-க்கு இறங்கியது. வடிகட்டியோடு ஒழுங்காக ஓடும் 2023-க்குப் பிந்தைய டீசலைப் பழைய டீசலோடு சேர்த்துத் திட்டுவது நியாயமில்லை.

ஹைப்ரிட் வந்தபின்

டீசலுக்கு உண்மையான போட்டி பெட்ரோல் இல்லை என்று நினைக்கிறேன். பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைப்ரிட்தான். மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைப்ரிட்டின் கூட்டுத் திறனும் 116 குதிரைத்திறன்தான், கம்பெனி மைலேஜ் 27.97. நிஜத்தில் 20 கொடுத்தாலே கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 5 காசு, டீசலுக்குக் கொஞ்சம் கீழே. ஊருக்குள் இடைவெளி இன்னும் கூடும். சிக்னலில் நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் எஞ்சின் அணைந்தே கிடக்கும், பிரேக் பிடிக்கும் சக்தி பேட்டரிக்குத் திரும்பும். அந்தக் கோவை மருந்துப் பிரதிநிதிக்கு நான் சொல்வது இதைத்தான். டிபிஎஃப் தொல்லை இல்லை, ஆட்ப்ளூ இல்லை, கியரும் தானியங்கி.

நெடுஞ்சாலையில் ஹைப்ரிட்டின் மேல்கை குறைந்துவிடும். சீராக 100-ல் போகும் வண்டியில் பிரேக்கிலிருந்து மீட்பதற்கு ஒன்றுமில்லை. மலையேற்றத்தில் முழுச் சுமையோடு மிதித்தால் அந்த மூன்று சிலிண்டர் எஞ்சின் சத்தம் போடும். இன்னோவாவிலும் இதே தேர்வு உண்டு. ஹைகிராஸ் ஹைப்ரிட் 186 குதிரைத்திறன், கம்பெனி மைலேஜ் 23.24, உள்ளே நிசப்தம். கிரிஸ்டா 2.4 லிட்டர் டீசல், 150 குதிரைத்திறன், 343 நியூட்டன் மீட்டர், பழைய பாணி இரும்புச் சட்டம், பின்சக்கர இழுவை. குடும்பத்துக்கு ஹைகிராஸ்தான் பொருத்தம். சபரிமலை சீசனில் எட்டுப் பேரும் மேலே மூட்டையுமாக ராப்பகலாக ஓடும் டிராவல்ஸ்காரர் கிரிஸ்டாவை விடாமல் இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஹைப்ரிட் பேட்டரி பயம் பலருக்கு. டொயோட்டா 8 வருடம் அல்லது 1 லட்சத்து 60 ஆயிரம் கி.மீ. உத்தரவாதம் தருகிறது, அதற்குள் விற்பவர் அதைப் பற்றித் தூக்கம் கெடுக்க வேண்டாம்.

சிஎன்ஜி மலிவு. டிக்கியை சிலிண்டர் தின்றுவிடும், பங்கில் வரிசை, மலையில் மூச்சு வாங்கும். சொந்த வீட்டில் சார்ஜ் போட இடமிருந்து ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர் இந்தக் கட்டுரையையே படிக்க வேண்டியதில்லை, நேராக மின்சாரக் கார் பார்க்கப் போகலாம்.

வரியில் ஒரு வரப்பு

சின்ன டீசல் வாங்குபவர் கவனிக்க வேண்டியவை இரண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்குள் இருந்து 1500 சிசிக்கு மிகாத டீசல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு அது 31. அதே நீளத்தில் 1200 சிசிக்கு மிகாத பெட்ரோலுக்கு முன்பு 29, இப்போது அதுவும் 18. டீசலுக்கு இருந்த இரண்டு சதவீதத் தண்டனை போய்விட்டது. நெக்ஸான், சோனெட், வென்யூ, எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ டீசல்கள் இந்த வரம்புக்குள் வருகின்றன. கிரெட்டா நீளத்துக்குப் போனால் எந்த எஞ்சினுக்கும் 40.

இரண்டாவது நம் மாநிலச் சாலை வரி. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், தாண்டினால் 18, அதுவும் முழு விலைக்கும். பெட்ரோல் 9.8 லட்சம், அதே வகை டீசல் 11 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோலுக்கு வரி 1 லட்சத்து 27 ஆயிரம், டீசலுக்கு 1 லட்சத்து 98 ஆயிரம். 1.2 லட்ச வித்தியாசம் சாலைக்கு வரும்போது 1.9 லட்சமாகிவிடும். இந்த வரப்பில் நிற்கும் கார்களில் டீசலுக்கு ஒரு படி கீழான வகையை எடுத்து 10 லட்சத்துக்குள் நிற்க முடியுமா என்று பாருங்கள். சன்ரூஃபை விட்டுக்கொடுத்தால் நஷ்டமில்லை.

தடை வந்துவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குக் கொண்டுவந்த கட்டுப்பாடு அந்தப் பகுதிக்கானது. தமிழ்நாட்டில் சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம், எஃப்சி காட்டிப் புதுப்பிக்கலாம். 2027-க்குள் பெருநகரங்களில் டீசல் கார்களை நிறுத்தலாம் என்று மத்திய அரசுக் குழு ஒன்று பரிந்துரைத்தது 2023 மே மாதம் வெளியானது. அரசு அதை ஏற்கவில்லை என்றே அப்போது அமைச்சகம் சொன்னது. அதே வருடம் செப்டம்பரில் டீசலுக்குக் கூடுதலாக 10 சதவீத வரி கேட்கப்போவதாக நிதின் கட்கரி பேசினார், அன்றைக்கே அப்படி ஒரு திட்டம் பரிசீலனையில் இல்லை என்றும் விளக்கினார். ஐந்தாறு வருடத்தில் ஓட்டித் தேய்த்து விற்பவர் இதற்காகத் தயங்க வேண்டாம். பதினைந்து வருடம் வைத்திருந்து பிள்ளைக்குக் கொடுக்க நினைப்பவர் கொஞ்சம் யோசிக்கலாம்.

புதிதாக வாங்காமல் பழைய பிஎஸ்-6 டீசல் பார்ப்பவர்களுக்கு: ஓடோமீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து வருடத்தில் முப்பதாயிரம்தான் ஓடியிருக்கிறது என்பது டீசலில் நல்ல சேதி இல்லை, ஊருக்குள்ளேயே உருண்ட வண்டியாக இருக்கலாம். நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடியது அதைவிட மேல். சர்வீஸ் பதிவேட்டில் டிபிஎஃப் விளக்குக்காக எத்தனை முறை வந்திருக்கிறது என்று பாருங்கள். குளிர்ந்த எஞ்சினில், சமதளத்தில் நிறுத்தி ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். அளவு மேல்கோட்டைத் தாண்டி நின்று, டீசல் வாடையும் அடித்தால், விற்பவர் எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வேறு வண்டி பாருங்கள்.